கேலனுக்கு இருபத்திரண்டு மைல்

“கேலனுக்கு இருபத்திரண்டு மைல்,” என்றார் டெல்மர், தொப்பியைக் கழற்றுவதற்கு முன்பே. கடை முழுக்கக் கேட்கும்படி.

நீள மேசையில் சிரிப்பு எழுந்தது. திங்கட்கிழமை காலை, வர்னாவின் காபிக்கடை. உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பெரிய பிக்கப் வண்டிக்காரர்கள். ஒருவருடைய வண்டியும் பதினாறைத் தாண்டியதில்லை.

“உன் வண்டிக்கு வயசு இருபத்தாறு. எட்டு சிலிண்டர். கான்சாஸ் எதிர்காத்துல வேற ஓட்டுற,” என்றார் உதிரிபாகக் கடை டுவேன். “இருபத்திரண்டு எப்படிடா வரும்? பாதி தூரம் இறங்கித் தள்ளுறியா?”

“நீயே கணக்குப் போடு. போன திங்கள் டாங்க் ரொப்பினேன். இன்னைக்கு மறுபடி ரொப்பினேன். ஓடினது இருநூத்து நாப்பத்திரண்டு மைல். பிடிச்சது பதினோரு கேலன்.”

டெல்மரின் மனைவி ஆர்லீன் ஐம்பத்தைந்து மைல் தள்ளி ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தாள். வாரம் இரண்டு தடவை போய் சூப் ஊட்டிவிட்டு வருவார். யார் ஊட்டுகிறார்கள் என்பதே அவளுக்கு இப்போது தெரியாது. பாவம் மனுஷன் என்றுதான் ஒரு வருஷமாக இந்தப் புளுகை எல்லோரும் சகித்துக்கொண்டிருந்தார்கள். டுவேனுக்கு மட்டும் பொறுக்கவில்லை.

அவர் பையிலிருந்து எதையோ எடுத்து மேசைமேல் வைத்தார். பூட்டு வைத்த டாங்க் மூடி.

“இதை மாட்டு. சாவி வர்னாகிட்ட இருக்கட்டும். அடுத்த திங்கள் நாங்களே திறந்து ரொப்புறோம். இருபத்திரண்டு வந்துட்டா கிறிஸ்மஸ் வரைக்கும் உன் காபி என் பொறுப்பு.”

“நியாயமான பேச்சு,” என்றது மேசை.

உண்மை பேசுகிறவன் அந்த மூடியை வெடுக்கென்று பிடுங்கியிருப்பான். டெல்மர் தொடக்கூட இல்லை. அவர் பார்வை கவுண்டர் பக்கம் போனது.

அங்கே அவர் தம்பி லீலண்ட் எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அப்பா செத்த வருஷம் நிலத்தைப் பிரித்ததில் முட்டிக்கொண்டது. பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை. ஊரில் காபிக்கடை ஒன்றே ஒன்றுதான் என்பதால் தினமும் ஒரே கூரைக்குக் கீழே குடித்தார்கள், அவ்வளவுதான்.

கோப்பையைத் தூக்கிய லீலண்டின் கை பாதியிலேயே நின்றிருந்தது.

“பூட்டெல்லாம் வேண்டாம்,” என்றார் டெல்மர்.

“ஏன்?”

“பொய்தான் சொன்னேன். எல்லாரையும் மாதிரி எனக்கும் பதினஞ்சுதான்.”

மேசை அதிர்ந்தது.

“ஒரு வருஷமா நம்ம காதுல பூ சுத்தியிருக்கான் பாருங்கப்பா.”

“ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்கு வேற போறான். அங்க என்னத்தைத்தான் கேக்குறானோ.”

டெல்மர் காதுமடல் சிவக்க உட்கார்ந்திருந்தார். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புளுகு பிடிபட்டவன் கடையில் இருக்கிற அத்தனை பேருக்கும் காபி வாங்கித் தர வேண்டும்.

வர்னா குனிந்து மெல்லக் கேட்டாள். “கவுண்டர்ல உக்காந்திருக்கறவருக்குமா அண்ணே? நீங்க வாங்கிக் குடுத்தா அவரு தொட மாட்டாரே.”

“ஊத்தும்மா. குடிக்கிறதும் குடிக்காததும் அவன் இஷ்டம்.”

அவள் ஊற்றினாள். லீலண்ட் திரும்பிப் பார்க்கவில்லை. கோப்பையை வெகுநேரம் கைக்குள் வைத்திருந்தான். பிறகு குடித்தான். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு எழுந்து போனான். சுற்றிலும் நடந்த கேலி எதுவும் அதற்கப்புறம் டெல்மருக்கு உறைக்கவில்லை.

ஞாயிறு காலை, சர்ச்.

“எல்லோரும் கண்களை மூடி ஜெபிப்போம்,” என்றார் போதகர்.

எல்லோரும் மூடினார்கள். டெல்மர் மூடவில்லை. இதற்காகத்தான் ஒரு வருஷமாக அந்த ஜன்னலோரப் பெஞ்சை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

வெளியே வண்டிகளுக்கு நடுவே லீலண்ட் வந்தான், சண்டைக்குப் பிறகு சர்ச் வாசலையே மிதிக்காதவன். கையில் சிவப்புப் பெட்ரோல் கேன். வலது முழங்காலை இழுத்து இழுத்து நடந்தான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, டெல்மரின் வண்டி டாங்க்கைத் திறந்தான். அண்ணியைப் பார்க்கப் போகிற வண்டிக்கு, கேனிலிருந்த ஐந்து கேலனையும் ஊற்றினான். தாயில்லாப் பிள்ளையாக நின்றபோது அவனை வளர்த்து ஆளாக்கியவள் அந்த அண்ணிதான்.

ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது டெல்மருக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இருபது அடியில் தம்பி. பிடித்தால் அடுத்த ஞாயிறு வரமாட்டான். அவனுடைய ரோஷம் அவருக்குத் தெரியும். முன்பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

லீலண்ட் மூடியைத் திருகி, சட்டைக் கையால் துடைத்துவிட்டுப் போனான். ஆமென் சொல்லி எல்லோரும் கண்ணைத் திறந்தபோது வெளியே யாரும் இல்லை.

திங்கள்தோறும் டெல்மர் அத்தனை சத்தமாக மைலேஜ் சொன்னதெல்லாம், கவுண்டரில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவன் காதில் விழத்தான். ‘வந்து சேர்ந்ததுடா தம்பி’ என்று சொல்ல அவருக்கு வேறு வழி தெரியவில்லை.