கடலுக்குப் பயந்த படகு

கதை பாதியில் இருக்கும்போதே முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து வெளியே ஓடிவிட்டாள். தில்லைநாதன் மேசைமேல் இருந்த மணியைத் தட்டினார்.

மணி அடித்தால் கதையை நிறுத்திவிட வேண்டும். படித்துக்கொண்டிருந்த அபுல் ஹசன் தாள்களைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் சிறுவர் கதை எழுதுகிறவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் அது. மாதம் ஒரு ஊரில் கூடுவார்கள். புதுக் கதையை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே படித்துக் காட்ட வேண்டும். ஒரு பிள்ளை நடுவில் எழுந்து போனாலும் கதை அத்தோடு சரி. கடைசிவரை உட்கார வைத்த கதைதான் சங்கத்தின் செய்தி மடலில் வரும்.

செயலாளர் தில்லைநாதன் கொண்டுவந்த சட்டம் இது. பெரியவர்கள் முகத்துக்காகக் கைதட்டுவார்கள், பிள்ளைகளுக்கு அந்தப் பாசாங்கெல்லாம் தெரியாது என்பார். மறுத்துப் பேச யாருக்கும் வாய் வந்ததில்லை.

அபுல் ஹசனுக்கு மடலில் பேர் வருவதுகூடப் பெரிதில்லை. தான் சொல்லும் ஒரு கதையை ஒரு பிள்ளை முழுசாகக் கேட்டுவிட வேண்டும். அது ஒன்றுதான் ஆசை.

சவூதியில், தம்மாமில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் மகள் சமீராவுக்கு போனில் கதை சொல்வார். முடிவு வருவதற்குள் கார்டு தீர்ந்து லைன் கட்டாகிவிடும். அடுத்த தடவை பேசும்போது அவள் அந்தக் கதையை மறந்திருப்பாள். ஒருவழியாக அவர் பரங்கிப்பேட்டைக்குத் திரும்பி வந்தபோது வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முடிக்காமல் விட்ட கதையெல்லாம் நெஞ்சுக்குள் கிடந்து அரித்தது. அதனால்தான் சங்கத்தில் சேர்ந்தார். மனைவி மெகருன்னிசாகூடச் சிரித்தாள், இந்த வயசில் என்ன கதை என்று.

ராசிதான் இல்லை. சிதம்பரத்தில் ஒரு பையன் பந்து விளையாடப் போய்விட்டான். நெல்லிக்குப்பத்தில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தெருவில் கரும்பு டிராக்டர் வந்ததுதான் தாமதம், மொத்தக் கூட்டமும் கரும்பு உருவ ஓடிவிட்டது. தில்லைநாதன் அதற்கும் மணி அடித்தார். சட்டம் என்றால் டிராக்டருக்கும் சேர்த்துத்தானே.

இந்த மாதம் பிச்சாவரத்துக்குப் பக்கத்தில், சுனாமிக்கு அப்புறம் மீனவர்களுக்குக் கட்டிக் கொடுத்த குடியிருப்பில் கூட்டம். கடலைக் கண்டால் நடுங்கும் ஒரு படகைப் பற்றி எழுதிக்கொண்டு வந்திருந்தார் அபுல் ஹசன்.

முன்வரிசையில் பூஜா என்ற சிறுமி, மூன்றாம் வகுப்பு படிக்கிறவள், வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தே படித்தார். இன்றைக்கு முடித்துவிடலாம் என்று மனசு துள்ளியது. மற்ற படகுகள் கேலி செய்ய, அலை வந்து அந்தப் படகின் மூக்கைத் தொடுகிற இடத்தில் அவள் எழுந்து ஓடிவிட்டாள்.

சங்கத்தில் கதை எழுதும் டீச்சர் மோகனப்பிரியா மெதுவாகப் பக்கத்தில் வந்தாள்.

"பாய், சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. சுனாமியில அடிபட்ட ஜனங்க இவுங்க. இங்க வந்து அலை, பயம்னு படிக்கலாமா? அந்தக் கொழந்த மனசு என்னா பாடுபட்டுச்சோ."

அபுல் ஹசனுக்குச் சுருக்கென்றது. இது ஏன் தன் மூளைக்கு எட்டவில்லை? கதை போனால் போகிறது. ஒரு பச்சைப் பிள்ளையைப் பயமுறுத்திவிட்டோமே என்று உள்ளுக்குள் கூனிக் குறுகிப்போனார்.

தில்லைநாதன் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். காத்தவராயன் எழுந்து ஒரு யானைக் கதையை ஆரம்பித்தார். முதல் வரியிலேயே பிள்ளைகள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு அபுல் ஹசனால் உட்கார முடியவில்லை. தாள்களைப் பைக்குள் திணித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினார். இனிமேல் எழுதுவதில்லை. மெகருன்னிசா கேட்டால் அலுத்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லாமல் ஊரைவிட்டுப் போக மனசு வரவில்லை. எந்த வீடென்று யாரைக் கேட்பது என்று தெருவில் நின்றார்.

பூஜாவே எதிரில் வந்தாள். அவள் பிடியில் ஒரு சின்னப் பையன். அவன் வரமாட்டேன் என்று காலை இழுக்க, இவள் விடாமல் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

அபுல் ஹசன் அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

"தாத்தா தெரியாம அந்தக் கதையப் படிச்சிட்டன் புள்ள. ரொம்பப் பயந்துட்டியா?"

அவள் அவர் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். முகம் வாடிப்போனது.

"அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?"

"நீதான் பாதியில எழுந்து போயிட்டியே."

"இவனக் கூட்டியாரத்தான் தாத்தா ஓடுனன். என் தம்பி, ஹரிஷ். இவனும் அந்தப் படகு மாரிதான், கடலுன்னா கிட்டவே போவமாட்டான். மொதல்லேந்து சொல்லுங்க, இவனும் கேக்கட்டும்."