உங்க சுகர் உங்க கையில

விரல் நுனியில் ரத்தம் துளிர்த்ததும் காளிதாசன் கண்களை இறுக மூடிக்கொண்டார். "முடிஞ்சுதா?" என்று நடுங்கும் குரலில் கேட்டார்.

"முடிஞ்சுதுங்க. கண்ணத் தொறங்க" என்றாள் மனைவி தேவகி. குத்திய விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு, மறு கையால் புத்தகத்தில் எண்ணை எழுதினாள். விரல் அவளுடையதுதான்.

இனிப்புநீர் அவருக்கு, குத்து அவளுக்கு. பாக்கார் ஆராங்கில் உள்ள அந்த வீட்டில் மூன்று மாதமாக இதுதான் ஏற்பாடு. 'உங்க சுகர் உங்க கையில' என்று கிளினிக்கில் ஒரு வகுப்பு நடத்தி, ஒரு மெஷினையும் புத்தகத்தையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். தினமும் பசியாறும் முன் விரலைக் குத்திப் பார்த்து எழுத வேண்டும். தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ளப் பழக வேண்டும்.

காளிதாசனும் முதல் நாள் வீராவேசமாகத்தான் உட்கார்ந்தார். ஊசி தோலைத் தொடுவதற்குள் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார்.

"உன் ரத்தத்துக்கு என்னா கொறச்சல்? சுத்தமான ரத்தம்லா. உன்னோடத எழுது, யாருக்குத் தெரியப்போவுது?" என்று மறுநாள் தேவகியைக் கெஞ்சினார். பாவமென்று அவளும் விரலை நீட்டினாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் தலைவலி என்றுகூடப் படுக்காதவள்.

அவள் குத்துவாள், எழுதுவாள், தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். அவர் ரத்தத்தையும் பார்க்க மாட்டார், புத்தகத்தையும் பார்க்க மாட்டார். ஒரே ஒரு தடவைதான் அவள் கேட்டாள். "ஏங்க, இந்த நம்பர் கூடினா நல்லதா, கொறஞ்சா நல்லதா?"

"கிளாஸுக்குப் போறது நானா நீயா? வர்றத எழுதுலா!" டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் வந்தது. பிறகு அவள் கேட்கவில்லை.

அவர் உடம்பைப் பார்த்துக்கொண்ட அழகே தனி. தேவகி அவித்துக் கட்டிக்கொடுக்கும் காய்கறி காரிலேயே கிடக்கும். ஐயா கடையில் உட்கார்ந்து ரெண்டு ரொட்டி சானாயும், பால் தூக்கலாக ஒரு தே தாரேக் டீயும் உள்ளே தள்ளுவார். காய்கறி சாயங்காலம் வீடு திரும்பும். வீணாக்க மனமில்லாமல் அதைத் தேவகி சாப்பிடுவாள்.

"சுகர் எனக்கு, எளைக்கிறது நீயா?" என்று அவளுடைய தொளதொளத்துப்போன யூனிஃபார்மைக் கேலி வேறு செய்வார்.

இன்று புத்தகத்தைக் காட்டும் நாள். மூன்று மாதத்தில் சுகர் இறங்காவிட்டால் இன்சுலின்தான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். தினமும் ஊசி, அதுவும் தன் வயிற்றில் தானே போட்டுக்கொள்ள வேண்டும்!

போதாததற்கு, போன வாரம் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, அவர் கையிலிருந்து ரத்தம் எடுத்து லேப்புக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்று மாதம் தின்ற ரொட்டியை எல்லாம் அது ஒன்றுவிடாமல் சொல்லிவிடும். புத்தகம் ஒன்று சொல்ல, லேப் வேறொன்று சொன்னால் குட்டு உடைந்துவிடாதா?

கிளினிக்கில் தாதி ஜானிஸ் லேப் காகிதத்தை ஒரு பக்கமும் புத்தகத்தை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். பக்கம் புரளப் புரள காளிதாசனுக்கு வியர்த்தது.

"இந்த மாதிரி புக்க நான் பார்த்ததே இல்ல அண்ணே" என்றார் ஜானிஸ்.

மாட்டிக்கொண்டோம் என்று காளிதாசனுக்கு உறுதியாகிவிட்டது. வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்த பொய்யை அவசரமாக எடுத்துவிட்டார். "அந்த மெஷின் ரொசாக் மிஸ்ஸி. சில சமயம் ரொம்பக் கொறச்சுக் காட்டுது."

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. லேப் சொல்றதும் உங்க புக் சொல்றதும் அப்படியே ஒத்துப்போவுது."

காளிதாசனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு நிமிடம், தன் சுகர்தான் தானாக இறங்கிவிட்டதோ என்றுகூட ஆசைப்பட்டார்.

"இங்க வர்றவங்க எல்லாம் அஞ்சு, ஆறுன்னு அழகா பொய் எழுதிட்டு வந்து நிக்கிறாங்க. பதினாலு, பதினாறுன்னு உள்ளத உள்ளபடி எழுதின ஒரே ஆளு நீங்கதான்லா. அடுத்த கிளாஸ்ல நீங்கதான் எல்லாருக்கும் பேசணும்!"

அவர் புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்கினார். மூன்று மாதத்தில் முதல் முறையாகத் திறந்து பார்த்தார். தேவகியின் குண்டு குண்டான கையெழுத்தில், முதல் பக்கத்தில் பதினொன்று. நடுவில் பதினாலு. இன்று காலை எழுதியது, பதினேழு புள்ளி இரண்டு.

வகுப்பில் அவர் ஒழுங்காகக் கேட்ட பாடம் ஒன்றே ஒன்றுதான். ஏழுக்கு மேல் போனால் ஆபத்து.

"பயப்படாதீங்க அண்ணே, டாக்டர் இன்சுலின் எழுதிட்டாரு. எப்படிப் போடுறதுன்னு நான் சொல்லித்தர்றேன்" என்று ஜானிஸ் ஊசியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

காளிதாசன் கண்களை மூடவில்லை. ஊசியைவிடப் பெரிய பயம் ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. இந்நேரம் தேவகி தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்துகொண்டிருப்பாள்.

"ரெண்டு பேருக்குக் குடுங்க மிஸ்ஸி."