மூன்று காலும் ஒரு கையும்

"ஒத்தக் கைக்கு இந்த லேசான ட்ரைபாட்தான் தோது," என்று கடைக்காரர் அதன் நடுத்தண்டைச் சவுந்தரத்தின் கண்ணுயரத்துக்கு இழுத்து நிறுத்தினார். அவள் பைனாகுலரை மாட்டிப் பார்த்தாள். தெரு நடுங்கியது.

"பன்னி வர்ற வரைக்கும் நின்னுக்கிட்டேவா இருப்பேன்? அந்தக் கனத்தத எடுங்க அண்ணாச்சி."

போன வருடம் மரவள்ளித் தோட்டத்தில் காட்டுப்பன்றி அவளுடைய இடது கையை முழங்கையோடு கொண்டுபோயிருந்தது. அன்றிலிருந்து புருஷனின் தம்பி ஞானதிரவியம், தோட்டக் காவலுக்கு அவள் வைத்திருக்கும் துப்பாக்கியைத் தனக்கு விட்டுக்கொடுக்கச் சொல்லி நச்சரிக்கிறான். இன்றும் கூடவே வந்து எதிர் டீக்கடையில் நிற்கிறான்.

கனத்த ட்ரைபாடின் கால்களை அவள் பாதத்தாலேயே அகற்றினாள். நடுத்தண்டை அடிவரை இறக்கி, அதில் தன் பையைத் தொங்கவிட்டாள். பைனாகுலரை மாற்றி மாட்டி, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கண்ணை வைத்தாள்.

எதிர் டீக்கடை கண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஞானதிரவியம் இடது கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, வலது கையால் இல்லாத துப்பாக்கியைத் தூக்க முடியாமல் தள்ளாடிக் காட்டிக்கொண்டிருந்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தற்செயலாக அவன் இந்தப் பக்கம் திரும்பினான். ஒளித்த கை மெல்ல வெளியே வந்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் தொங்கியது.

"ஆடுதாம்மா?" என்று கேட்டார் கடைக்காரர்.

அவள் கண்ணை எடுக்கவில்லை.

"இல்ல அண்ணாச்சி. நெத்திப்பொட்டுல ஓடுற நரம்புகூடத் தெரியுது."