கடைசி நாலு வளைவு

"குடிச்சிருந்தானா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"எனக்கு எப்படித் தெரியும் சாமி? நானென்ன மோந்தா பாத்தேன்?" என்றாள் உலகம்மை.

வாசலில் நின்ற பியூன் சிரித்தான். கேள்வி கேட்ட தலைமை குமாஸ்தா நாகேஸ்வரன் சிரிக்கவில்லை.

தேயிலைத் தோட்டக் கம்பெனியின் கிழக்கேகோட்டை ஆபீஸ் அது. பொன்முடியிலிருந்து வித்துராவுக்கு தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையிறங்கி வந்த கம்பெனி பஸ், வெள்ளிக்கிழமையன்று கடைசி வளைவைத் தாண்டி மண்மேட்டில் முட்டி நின்றது. உள்ளே இருபத்தாறு பேர். உலகம்மையின் ஒரு பல்லைத் தவிர யாருக்கும் சேதமில்லை.

டிரைவர் உச்சிமாகாளி குடித்துவிட்டு ஓட்டினான் என்று புகார். உண்மையென்று முடிவானால் அவனுக்கு வேலை போகும். வேலையோடு, பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கும், கம்பெனி கொடுத்த லயத்து வீடும் போகும்.

விசாரிக்கிற மேனேஜர் கல்கத்தாக்காரர். தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. யார் எதைச் சொன்னாலும் நாகேஸ்வரன் வாய்வழி ஆங்கிலமாகித்தான் அவர் காதுக்குப் போகும். இருபத்தொன்பது வருஷ சர்வீஸில் ஒரு சொல்லைக்கூட உத்தேசமாகப் போட்டதில்லை என்று நாகேஸ்வரனுக்குப் பெருமை உண்டு.

"சரி. பஸ் எப்படி வந்தது?"

"ஆடி ஆடி வந்துச்சு சாமி."

"ஆடின்னா? ஊஞ்சல் மாதிரியா?"

"இல்ல, பாம்பு மாதிரி."

"ரோடே பாம்பு மாதிரிதானே இருக்கு. நீ ரோட்டைச் சொல்றயா, பஸ்ஸைச் சொல்றயா?"

"ரோடு ஒரு பக்கம் வளையுது, பஸ்ஸு இன்னொரு பக்கம் வளையுது."

நாகேஸ்வரன் பேனாவைக் கீழே வைத்தார். 'ஸ்வே' என்றால் நின்ற இடத்தில் ஆடுவது. 'வாபிள்' என்றால் சக்கரம் கழன்றாற்போலத் தள்ளாடுவது. 'மியாண்டர்' ஆறு செய்கிற காரியம். 'ஸ்வெர்வ்' என்று போட்டால் எதற்கோ ஒதுங்கினான் என்று ஆகி, அவனுக்குச் சிபாரிசு செய்ததுபோல் இருக்கும். 'ஜிக்ஜாக்' என்று போட்டால் குடிகாரனேதான்.

"எங்கே, நடந்து காட்டு."

உலகம்மை முந்தானையைச் செருகிக்கொண்டாள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கும், அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்குமாகப் போய், கடைசியில் மேனேஜரின் பீரோவில் தோளை உரசிக்கொண்டு நின்றாள்.

"ஜிக்ஜாக்" என்றார் மேனேஜர், மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல்.

"வேறே என்ன பண்ணினான்?" என்று நாகேஸ்வரன் உலகம்மையைக் கேட்டார்.

"பாட்டுப் படிச்சாரு சாமி. எங்க மாமியா பேரையும் சேத்துப் படிச்சாரு. சிரிச்சுச் சிரிச்சு எல்லாருக்கும் வயித்துவலி. 'ஒருத்தரும் எந்திரிக்கப்பிடாது, எந்திரிச்சா பாட்டை நிறுத்திருவேன்'னாரு."

நாகேஸ்வரன் அதையும் ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லும்போதே அவருக்குக் கசந்தது. இருபத்தாறு உயிர், இவனுக்குப் பாட்டு.

"உனக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று சுவரோரமாக நின்ற உச்சிமாகாளியைக் கேட்டார்.

"கடைசி நாலு வளைவு இருக்கையில பிரேக்கு அத்துப்போச்சு சாரே. சொன்னா ஆளுக கதவைத் திறந்து குதிப்பாக. கீழே பாறை. அதான் பாடினேன். கியரைக் குறைச்சு, மண்ணுல அங்கங்க ஒரசிக்கிட்டே வந்தா வேகம் அடங்கும். அதான் ஆட்டினேன்."

"அட சண்டாளா! எங்க மாமியாளை இழுத்தது அதுக்கா?" என்றாள் உலகம்மை.

"இதை ஏன் முன்னாலேயே சொல்லலை?"

"யாரு கேட்டா? எல்லாரும் குடிச்சியான்னுதான் கேட்டாக. இல்லேன்னேன்."

நாகேஸ்வரன் நிதானமாக மொழிபெயர்த்தார். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிரேக் ஒரே நாளில் போய்விடாது. முன்கூட்டியே எழுதிக் கொடுத்தானா, கேளும்."

"திங்கக்கிழமையே எழுதிக் குடுத்தேனே!" என்றான் உச்சிமாகாளி. "'பிரேக்கை மிதிச்சா வண்டி வாலாட்டுது'ன்னு எழுதி, குமாஸ்தா சார் கையிலதானே குடுத்தேன்? இங்கிலீஷ்ல போனாத்தானே மேனேஜர் கையெழுத்துப் போடுவாரு. ஒர்க்‌ஷாப்புல அப்பத்தான் வண்டியைத் தொடுவானுக. சார் அன்னைக்கே அனுப்பியிருப்பாரு. அவனுகதான் எங்கயோ போட்டுத் தொலைச்சிட்டானுக. சாரைக் குத்தம் சொல்ல முடியுமா?"

"என்ன சொல்கிறான்?" என்றார் மேனேஜர்.

நாகேஸ்வரன் ஒவ்வொரு வார்த்தையையும் சொன்னார். கடைசி வாக்கியத்தையும் விடவில்லை. பிறகு தன் மேஜை டிராயரைத் திறந்து, நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேனேஜர் முன்னால் வைத்தார்.

"இது தமிழில் அல்லவா இருக்கிறது? ஆங்கிலம் எங்கே?"

"வாலாட்டுவதற்குச் சரியான வார்த்தை இன்னும் அகப்படவில்லை, சார்."