அடுத்தடுத்த எண்கள்

“இதே மாதிரி ரெண்டு வேணுமுங்க” என்று வந்தவன் செல்பேசியை அகல்யாவின் முன்னால் வைத்தான்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவளிடம் கொலுசு கேட்டுத்தான் வருவார்கள். இவன் காட்டியது வட்டமாக ஒரு வெள்ளி வில்லை. மேலே கிரீடம், சுற்றிலும் ஆங்கில எழுத்து. அடுத்த படத்தில் அதன் பின்பக்கம். சட்டையில் குத்த ஓர் ஊசி, அதற்குக் கீழே நீளமாக ஓர் எண்.

அகல்யாவுக்குப் புரிந்துவிட்டது. புதுசைக் கறுக்க வைத்துப் பழசென்று விற்கிற கூட்டம் அவ்வப்போது வரும். போன தடவை வந்தவன் கும்பினிக் காசு கேட்டான்.

“பழசுன்னு சொல்லி விக்கறதுக்குன்னா வேற பட்டறை பாருங்க.”

“விக்கறதுக்கில்லீங்க.”

அவன் நகரவில்லை. பெயர் கௌதமன், ஊர் பரமத்திப் பக்கம், போன வருஷம் வரை பட்டாளத்தில் இருந்தவன் என்று தானாகவே சொன்னான்.

படத்தில் இருப்பது வெள்ளைக்காரப் பட்டாளத்து வில்லையாம். முதல் உலக யுத்த காலம். லண்டன் தெருவில் ஓர் இளவட்டம் சாதாரணச் சட்டையோடு நடந்து போனால், ஊரே சண்டைக்குப் போயிருக்க உனக்கு இங்கே என்ன வேலை என்று மறித்துக் கேட்பார்களாம். கோழை என்று வாயால் சொல்லாமல் கையில் ஒரு வெள்ளை இறகைத் திணிப்பார்களாம்.

இறகு வாங்கியவர்களில் பலர் ஏற்கெனவே சண்டைக்குப் போய் அடிபட்டு, இனி உதவாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள்.

சட்டையைக் கழற்றிக் காட்டிக்கொண்டா தெருவில் நடக்க முடியும்?

அதனால் சர்க்காரே இந்த வில்லையைக் கொடுத்தது. ஆளுக்கு ஓர் எண். தொலைத்தால் வேறு தர மாட்டார்கள். யாராவது கண்டெடுத்துக் கொடுத்தால், எண்ணைப் பார்த்து உரியவனைத் தேடுவார்கள்.

அகல்யா அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். கையும் காலும் நன்றாகத்தான் இருந்தன. உழைத்து இறுகிய உடம்பு.

“எல்லாரும் இப்படித்தானுங்க பார்க்கறாங்க” என்றான் கௌதமன். கோபமில்லாமல்தான் சொன்னான்.

அவளுக்குச் சுருக்கென்றது. முக்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

வடக்கே மலைப்பாதையில் வண்டி உருண்டது. உள்ளே இருந்தது இவனும் ரங்கன் என்பவனும். வெளியே ஒரு கீறல் கிடையாது. அடி தலைக்குள். ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, இருவரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஓடி வந்துவிட்டான் என்று ஊர் பேசியது. கௌதமன் பொறுத்துக்கொண்டான்.

“ரங்கனுக்கு ஊர் கெங்கவல்லிங்க. அவனால முடியலீங்க. போன சித்திரையில கிணத்துல உளுந்துட்டான். இப்ப அவங்கம்மாவைப் பார்த்து, ஓடி வந்தவனைப் பெத்தவன்னு பேசறாங்களாமா. அது கடைகண்ணிக்குக்கூட வெளிய வர்றதில்லீங்க.”

அகல்யா வெள்ளித் தகட்டை எடுத்தாள்.

“சர்க்கார் சிங்க முத்திரை போட மாட்டேனுங்க. உள்ள தள்ளிருவாங்க.”

“வேண்டாங்க. எழுத்து மட்டும் போதும். தமிழ்லயே போடுங்க.”

இரண்டு வட்டம் நறுக்கி, ஓரத்தை அரத்தால் ராவி, சிற்றுளியால் வெட்டத் தொடங்கினாள். ‘நாட்டுப் பணி செய்தவர்.’ கௌதமன் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்துப் பட்டறையில் மெருகு போடும் மோட்டார் ஓட ஆரம்பித்ததும் இரண்டு உள்ளங்கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான். அது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

அவள் பார்க்காததுபோல் இருந்தாள்.

“சர்க்கார் கொடுத்ததுன்னு சொல்லித்தானுங்க அந்தம்மாகிட்டக் கொடுக்கப் போறேன்” என்றான். “எஞ்சட்டையிலயும் ஒண்ணு இருந்தா நம்பும்.”

“பொய்தானுங்களே?”

“ஆமாங்க.”

அவள் வில்லைகளைப் பின்பக்கம் திருப்பிப் பலகையில் இறுக்கினாள்.

“நெம்பர் சொல்லுங்க.”

“ரங்கனுக்கு நாலாயிரத்து எழுநூத்திப் பதினாறு. எனக்குப் பதினேழு.”

“பட்டாளத்துல கொடுத்த நெம்பருங்களா?”

“இல்லீங்க. நானாச் சொல்றதுதான்.”

“அப்ப ஒண்ணு, ரெண்டுன்னே வெட்டிரலாமுங்களே. இருக்கறதே ரெண்டுதானே?”

கௌதமன் தலையாட்டி மறுத்தான்.

“ஒண்ணுன்னு இருந்தா, தன் பையன் ஒருத்தந்தான் இப்படித் திரும்பி வந்தான்னு அந்தம்மா நெனைச்சுக்குமுங்க.”

அகல்யா அவன் சொன்ன எண்களையே இரண்டிலும் வெட்டிவிட்டுச் சிற்றுளியை வைத்தாள். முதல் இலக்கத்துக்கு இடது பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று விரலால் அளந்து பார்த்தாள்.

பிறகு, அவனைக் கேட்காமலேயே, இரண்டிலும் நாலுக்கு முன்னால் ஓர் எட்டை வெட்டினாள்; நாலாயிரம் எண்பத்து நாலாயிரமானது.