டைமர் போட்ட மேட்ச்

இரண்டு காதிலும் பஞ்சைத் திணித்துக்கொண்டுதான் சேக் இஸ்மாயில் கடை ஷட்டரை இறக்கினார். பக்கத்துப் பாத்திரக் கடை தங்கப்பாண்டி பதறிப்போய், காதைத் தொட்டுக் காட்டிக்கொண்டே ஓடி வந்தார். "என்ன பாய், காது வலியா? டாக்டர்ட்ட காட்டுனீங்களா?"

"வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மேட்ச்சைப் பத்தி மட்டும் வாயைத் திறந்துராதீங்கண்ணே!" என்று சிம்மக்கல் கடைத்தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார் பாய். காதை அடைத்தவருக்குத் தன் சத்தம் எங்கே தெரியப்போகிறது!

விஷயம் இதுதான். துபாயிலிருந்து திரும்பும்போது பாய் ஒரு டிவிடி ரெக்கார்டர் வாங்கி வந்தார், உள்ளேயே ஹார்ட் டிஸ்க் இருக்கிற ரகம். டைமர் போட்டுவிட்டுக் கடைக்குப் போனால் போதும், மேட்ச்சை அது பிடித்து வைக்கும். சாயங்காலம் வந்து, விளம்பரத்தையெல்லாம் தள்ளிவிட்டு, முதல் பந்திலிருந்து ஆர அமரப் பார்க்கலாம். ஊரே ஃபோனுக்கு மாறியும் பாய் மாறவில்லை. முடிவு தெரியாமல் பார்க்கணும், அம்புட்டுத்தான் அவருக்கு.

அந்தப் பெட்டியைப் போய் ஒருத்தன் பழித்துவிட்டான். மச்சினன் அப்துல் ரசாக்கின் மகன் ஜுல்பிகர், மாட்டுத்தாவணியில் செல்ஃபோன் கடை வைத்திருப்பவன். நோன்பு திறக்க வந்த இடத்தில், "மாமா, இதைக் காயலான் கடைக்காரன்கூட எடுக்க மாட்டான்" என்று சிரித்தான். அன்றைக்கு முகத்தைத் திருப்பியவர்தான் பாய்.

வந்தது பாருங்கள் வினை! கட்டினால் ஜுல்பிகரைத்தான் கட்டுவேன் என்று மகள் சனோபர் ஒற்றைக்காலில் நின்றாள். பையன் குணத்தில் தங்கம், முறைக்காரனும்கூட. பாய் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஆறப் போட்டார்.

ரசாக்கும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "ஞாயித்துக்கெழமை சாயங்காலம் வாரோம். அன்னைக்கும் பதில் இல்லேன்னா சமயநல்லூர்ல ஒரு இடம் வந்திருக்கு, அங்க முடிச்சுருவோம்" என்று அக்காளிடம், அதாவது பாயின் பெண்டாட்டி ஜெயினம்புவிடம், சொல்லிவிட்டுப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை இன்றைக்குத்தான். சனோபர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

வாசலிலேயே வழிமறித்த ஜெயினம்பு, புருஷன் காதிலிருந்து ஒரு பஞ்சை உருவினாள். "என்னங்க, எந்தம்பி இப்ப வந்துருவான். என்ன சொல்லட்டும்? பெத்த பிள்ள மூஞ்சியக் கொஞ்சம் பாருங்க."

"மேட்ச் முடியட்டும். அதுவரைக்கும் எவனும் எங்கிட்டப் பேசக் கூடாது. உந்தம்பிதானே? நீயே பேசிக்க, ஆள விடு!"

பஞ்சைப் பிடுங்கி மறுபடியும் அடைத்துக்கொண்டார். பதிலே சொல்லாமல் இன்றைய பொழுதை ஓட்டிவிட்டால் ரசாக் தானாகச் சமயநல்லூருக்கு நடையைக் கட்டிவிடுவான். முடியாது என்று நம் வாயால் சொன்ன பாவமும் வேண்டாம், மகள் சாபமும் வேண்டாம். எப்படி இருக்கிறது பாயின் புத்தி!

ஜெயினம்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஃபோனைக் கையில் எடுத்தாள்.

பாய் ஹாலுக்கு முதுகைக் காட்டி, டிவிக்குக் கை எட்டும் தூரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். ரிமோட்டை அழுத்தியதும் ஆட்டம் ஆரம்பமானது. சத்தம் கேட்காவிட்டால் என்ன, திரையில்தான் ஸ்கோர் ஓடுகிறதே!

நம்ம ஆட்கள் அடிப்பதும் அவுட்டாவதுமாக இழுத்துக்கொண்டே போனார்கள். பாய் நகத்தைக் கடித்துத் தீர்த்தார். கடைசி ஓவர் நெருங்குகையில் ஊதுபத்தி வாசமும் அத்தர் வாசமும் மூக்கில் ஏறின. காதைத்தான் அடைத்திருந்தாரே தவிர மூக்கை அடைக்கவில்லை. இன்றைக்கு வியாழக்கிழமைகூட இல்லையே, இவள் எதற்கு ஊதுபத்தி கொளுத்துகிறாள் என்று ஒரு நொடி யோசித்தார். அதற்குள் ஒரு விக்கெட் விழுந்தது.

கடைசிப் பந்து. நாலு ரன் வேண்டும். பாய் ரிமோட்டை மடியில் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் ஏந்தினார்.

"யா அல்லாஹ், எங்களக் கைவிட்டுறாத! இத நல்லபடியா முடிச்சுக் குடு! ஆமீன்! ஆமீன்!" என்று வீடு அதிரக் கத்தினார்.

பந்து கயிற்றைத் தாண்டி ஓடியது.

பாய் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து பஞ்சைப் பிய்த்து எறிந்தார். "ஏ ஜெயினம்பு! பாத்தியா? நான் கேட்ட துஆ கபூலாயிருச்சுடீ, அல்லா ஏத்துக்கிட்டான்!" என்று கூவிக்கொண்டே திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஹால் நிறைய ஆட்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத் ஏந்திய கைகளை முகத்தில் தடவிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஜமாஅத்துப் பெரியவர்கள். ஜுல்பிகர் குனிந்த தலை நிமிரவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் சனோபர் அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை.

ரசாக் கண்ணீரோடு ஓடி வந்து பாயைக் கட்டிக்கொண்டார். "மச்சான், உங்களுக்கு மனசில்லையோன்னு நெனச்சேன். இம்புட்டு மனசார துஆ கேட்டீங்களே!"

"என்ன மாப்ள, ஒரு மேட்ச்சுக்குப் போயி இம்புட்டு அழுக?"

ஜெயினம்பு சீனித் தட்டோடு வந்து, திறந்திருந்த அவர் வாயில் ஒரு கை அள்ளிப் போட்டாள்.

"அழுக மேட்ச்சுக்கு இல்லீங்க. நீயே பேசிக்கன்னீங்க, பேசி முடிச்சுட்டேன். ஹஜ்ரத் இப்ப ஓதுனது நம்ம சனோபர் நிச்சயத்துக்கு, நீங்கதான் எல்லாருக்கும் முந்தி ஆமீன் சொன்னீங்க!"