கொண்டைக்கு எட்டாத முடி

சுமோ மல்லர்களுக்குக் கொண்டை முடிந்துவிடும் மரச்சீப்புக்கு அந்த வெளிநாட்டு மல்லன்மேல் ஒரே கடுப்பு. வந்து இரண்டே வருஷம். கொண்டைக்கு முடி எட்டுவதற்குள் மூத்தவர்கள் அத்தனை பேரையும் சாய்த்துவிட்டு மேலே போய்விட்டான்.

"பரட்டைத் தலையோடு மேல்வரிசையில் நிற்கிறான் பார்! இங்கேயே கிடந்து பாடுபட்டவனுக்கு என்ன மரியாதை?" என்று கொண்டைக் கயிற்றிடம் பொருமும்.

ஒருவழியாக முடி எட்டியது. சீப்பு வேண்டாவெறுப்பாக அந்தத் தலைக்குள் இறங்கியது. உடனே நறநறவென்று மணல் தட்டியது. உச்சியில், பிடரியில், காதோரத்தில். பயிற்சிக் களத்தில் அவன் விழுந்து விழுந்து தலையில் ஏறிய, எத்தனை குளித்தும் போகாத மணல். வேறு எந்தத் தலையிலும் சீப்பு இவ்வளவு மணலைக் கண்டதில்லை.

"என்ன, சத்தத்தையே காணோம்? வெளியூர்த் தலை எப்படி?" என்றது கயிறு.

"தலை எந்த ஊரோ," என்றது சீப்பு மெதுவாக. "மண் நம் களத்து மண்."